நைனாவின் பாஸ்போர்ட்

பரண் மேலிருந்த தகரப் பெட்டியைத் தம்பி மகளுக்காகத்தான் இறக்கினேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் அவளுக்கு வேலை. வியட்நாமிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. அந்த நாட்டில் வேலை பார்க்க பெர்மிட் எடுக்க வேண்டும். படிப்புச் சான்று, அனுபவச் சான்று, போலீஸ் சான்று, மருத்துவச் சான்று என்று பட்டியல் அனுப்பியிருந்தார்கள். "பெரியப்பா, நீங்க ஆப்பிரிக்கா போனப்ப இதெல்லாம் பண்ணீங்க இல்ல? அந்த பழைய ஃபைல் இருந்தா குடுங்க, பாத்துக்கறேன்" என்றாள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் சேர்ந்த துவர்ப்பு வாசனை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. மழையில் நனைந்த மரப்பட்டையை வெயிலில் உலர்த்தினால் எழும் வாசனையை ஓரளவு ஒப்பிடலாம். நைனா தன் கையாலேயே தைத்த ஒரு தோல் பை பெட்டியின் அடியில் கிடந்தது. பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோல். இத்தனை வருடம் கழித்தும் வெடிக்கவில்லை, விறைக்கவில்லை.

பைக்குள் என் ஃபைல் இல்லை. நைனாவின் பாஸ்போர்ட் இருந்தது.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு ஒரு பாஸ்போர்ட் இருந்தது என்பதே தம்பி மகளுக்குத் தெரியாது. வாங்கிப் புரட்டினாள். பேனாவால் எழுதிய பக்கங்கள், ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம், கையெழுத்து போட வேண்டிய இடத்தில் ஊதா மையில் கட்டைவிரல் அடையாளம். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன பெரியப்பா, தாத்தா ரேகையே இல்ல? மை கொட்டின மாதிரி இருக்கு" என்றாள்.

அந்த விரலைப் பாஸ்போர்ட் ஃபாரத்தில் வைத்த நாளன்று நான் நைனாவின் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

நைனா வேலை பார்த்தது தோல் பதனிடும் டேனரியின் சுண்ணாம்புக் குழியில். வந்திறங்கும் தோலில் உப்பு இருக்கும், ரத்தக் கறை இருக்கும், முடி இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துக் கழுவியபின் சுண்ணாம்புக் குழியில் இறக்குவார்கள். சுண்ணாம்போடு சல்பைடும் சேரும். சில நாளில் முடியின் வேர் இளகிவிடும். தோலை எடுத்து வளைந்த கட்டையின் மேல் விரித்துப் போட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள மழுங்கின கத்தியால் மேலிருந்து கீழாக வழித்தால் முடி கத்தையாக வரும். நைனாவின் காலத்தில் கையுறை கிடையாது. முழங்கை வரை வெள்ளையாக, சுருங்கிப்போன தோலோடு வீட்டுக்கு வருவார். அம்மா தேங்காயெண்ணெய் எடுத்து வைத்திருப்பாள். சோறு பிசையும்போது விரல் எரியும் என்று அவர் ஸ்பூனில் சாப்பிட்ட நாட்கள் உண்டு. எங்கள் தெருவில் அப்போது ஸ்பூன் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஏஜென்ட் ஊருக்கு வந்தார். சவூதியில் புதிதாக ஒரு டேனரி கட்டுகிறார்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் வேண்டும், இங்கே ஒரு வருடத்தில் வாங்குவதை அங்கே இரண்டு மாதத்தில் வாங்கலாம் என்றார். எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். நைனா அதில் ஒருவர். அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது.

பஜாரில் ஒரு டைப்பிஸ்ட் பாய் இருந்தார். பாஸ்போர்ட் ஃபாரம், பத்திர நகல், மனு எல்லாம் அவரிடம்தான். நைனாவை நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினார். கையெழுத்துப் போடும் இடம் வந்தது. "போடத் தெரியாது பாய்" என்றார் நைனா. மைப்பெட்டி வந்தது. இடது கட்டைவிரலை ஒற்றி வைத்தார். கோடே இல்லாமல் வெறும் வட்டமாக விழுந்தது. பாய் வேறு ஃபாரம் எடுத்தார். நைனா விரலை வேட்டியில் துடைத்து மறுபடியும் வைத்தார். அதுவும் அப்படியே விழுந்தது. மூன்றாவது ஃபாரத்துக்கு முன் பாய் சோப்புப் போட்டுக் கழுவி வரச் சொன்னார். கழுவிக் காயவைத்து, மையைக் குறைத்து, அவரே விரலைப் பிடித்து உருட்டினார். ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று கோடு தெரிந்தது.

"ரேகை எங்க போச்சு?" என்றார் பாய்.

"சுண்ணாம்பு தின்னுட்டுது பாய்" என்றார் நைனா, நாளைக்கு மழை வரும் என்பதுபோல. எனக்குத்தான் என்னவோ செய்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் என் கட்டைவிரலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட் ஆபீஸ் மெட்ராஸில், ஹேடோஸ் ரோட்டில் சாஸ்திரி பவனில் இருந்தது. விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய் வரிசையில் நின்று, ராத்திரி அதே வண்டியில் திரும்புவார். மூன்று தடவை போனார். பிறகு போலீஸ் விசாரணை. பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது தெருவே வந்து பார்த்தது. அதில், குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்கிற இசிஎன்ஆர் முத்திரை இல்லை. பள்ளிக்கூடம் தாண்டாதவர்களுக்கு அப்போது அது கிடைக்காது. அது இல்லாதவர்கள் சவூதி மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போக, புரொடெக்டர் ஆஃப் எமிகிரண்ட்ஸ் ஆபீஸில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். 1983-ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டம் அதைச் சொல்கிறது. என்ன வேலை, என்ன சம்பளம், யார் முதலாளி என்று ஒப்பந்தத்தைப் பார்த்து, ஏமாற்று இல்லை என்று தெரிந்தபிறகே அனுப்ப வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். படிக்காதவனைத் தடுக்கிற சட்டம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது படிக்காதவனைக் காக்க வந்தது என்று எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று.

ஏஜென்ட் அந்த ஆபீஸ் பக்கமே அழைத்துப் போகவில்லை. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். கடைசியில் ஒரு காகிதம் கொடுத்தார். நைனா அதை நேராக டைப்பிஸ்ட் பாயிடம் கொண்டுபோனார். பாய் இரண்டு தடவை படித்தார். "இதுல டேனரின்னு எங்கயுமே இல்லீங்க. பண்ணை ஆளுன்னு போட்டிருக்கு" என்றார்.

நைனா வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா என்ன கேட்டும் பதில் இல்லை. ராத்திரி சாப்பிட்டபிறகு, "எனக்குத் தெரிஞ்சது தோல் வேலை. தெரியாத வேலைக்கு எதுக்கு அவ்ளோ தூரம் போகணும்?" என்று மட்டும் சொன்னார். ஏஜென்டிடமிருந்து பாஸ்போர்ட் திரும்பி வர ஏழு மாதம் ஆனது. பணம் வரவில்லை. அந்தப் பாஸ்போர்ட்டுக்காகத்தான் இந்தத் தோல் பையைத் தைத்தார். மறுபடி அவர் வெளிநாடு பற்றிப் பேசியதே இல்லை.

தோல் எங்கள் ஊரில் எத்தனையோ தடவை மாறியிருக்கிறது. நைனா சிறு வயதில் பார்த்தது பட்டையில் பதனிட்ட ஈ.ஐ. தோல், அதாவது ஈஸ்ட் இந்தியா தோல். அரைகுறையாகப் பதனிட்டு மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அதை மெருகேற்றி, ஷூவும் கையுறையும் செய்து லாபம் பார்த்தது வெளிநாடு. 1972-இல் சீதாராமையா கமிட்டி, இப்படி அனுப்புவதைக் குறைத்து இங்கேயே முழுதாக முடித்து அனுப்ப வேண்டும் என்றது. அதன்பிறகுதான் குரோம் டிரம் வந்தது, அதில் பதனிட்ட நீலத் தோல் வந்தது, ஷூ கம்பெனிகள் வந்தன. எங்கள் ஊர்ப் பெண்கள் டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ் ஏறத் தொடங்கியதும் அப்படித்தான். கூடவே பாலாறும் கெட்டது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு இல்லாத டேனரி இயங்கக் கூடாது. சிறிய டேனரிகள் பல மூடின. நைனா இருந்த இடமும் மூடியது. முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர். வாங்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதி கைக்கு வந்தது. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை.

நான் தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்து, ஊரிலேயே நாலைந்து கம்பெனிகளில் டெக்னீஷியனாக இருந்தேன். அப்போதுதான் எத்தியோப்பியா என்ற பெயர் எங்கள் ஊர் டீக்கடைகளில் அடிபட ஆரம்பித்தது. நாம் எழுபதுகளில் செய்ததை அவர்கள் அப்போது செய்தார்கள். 2008-இல் பச்சைத் தோல், நீலத் தோல் ஏற்றுமதிக்குப் பெரிய வரி போட்டார்கள். முழுதாக முடித்த தோலாகத்தான் போக வேண்டும் என்றால் அதை முடிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2011-லிருந்து அடிஸ் அபாபாவின் தோல் நிறுவனத்தோடு கைகோத்து அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. டேனரிகள் தனியாகவும் ஆள் தேடின. எனக்கு மோஜோவிலிருந்து அழைப்பு வந்தது. அடிஸ் அபாபாவிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல், டேனரிகள் நிறைந்த ஊர். அவர்கள் நாட்டு ஆம்பூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் முத்திரைப் படலம். டிப்ளமோ சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் முத்திரை. அதன் மேல் டெல்லியில் வெளியுறவுத் துறையின் முத்திரை. கடைசியாகச் சாணக்யபுரியில் எத்தியோப்பியத் தூதரகத்தின் முத்திரை. அனுபவச் சான்றுகளுக்கு நோட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முத்திரையும் அதற்கு முந்தின கையெழுத்து நிஜம் என்றுதான் சொல்லும். எனக்கு வேலை தெரியும் என்று அதில் ஒன்றுமே சொல்லாது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு மஞ்சள் அட்டை வாங்கினேன். அது இல்லாவிட்டால் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும்போது இங்கே விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள்.

எல்லாவற்றையும் விட அலையவைத்தது அனுபவச் சான்று. இரண்டு கம்பெனியில் அன்றைக்கே கொடுத்தார்கள். ஒரு இடத்தில் ஒரு மாதம் இழுத்தடித்தார்கள். இன்னொரு கம்பெனி மூடிப்போயிருந்தது. அதன் பழைய கணக்குப்பிள்ளையைத் தேடிக் குடியாத்தம் வரை போய், முதலாளியின் மகனிடம் கையெழுத்து வாங்கினேன். காகிதங்களைக் கூடத்தில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தபோது நைனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"இதுல இன்னா எழுதியிருக்கு?"

"நாலு வருஷம் எங்க கிட்ட வேலை செஞ்சாரு, வேலை நல்லா தெரியும், நடத்தை நல்லாருக்குன்னு நைனா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இந்த மாதிரி எனக்கு எவன் கண்ணு எழுதித் தருவான்?" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

2012-ஆம் வருடத் தொடக்கத்தில் பம்பாய் வழியாக அடிஸ் அபாபா போய் இறங்கினேன். முதலில் விசா. பிறகு கம்பெனி மூலம் தொழிலாளர், சமூக விவகார அமைச்சகத்தில் வேலை பெர்மிட்டுக்கு மனு. கம்பெனி ஆள் ஒருவர் என்னை அங்கே அழைத்துப் போனார். மூன்று மணிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காலை ஒன்பது மணிக்கே வண்டியோடு வந்து நின்றார். அங்கே பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நம் பாட்டிமார் சூரியன் உதித்ததிலிருந்து நாழிகை எண்ணியதைப் போல. மனுவோடு இணைத்த கம்பெனிக் கடிதத்தில் வருடம் 2004 என்று இருந்தது. அவர்கள் காலண்டர் நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் வருகிறது. வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். கடைசி மாதத்துக்கு ஐந்து நாளோ ஆறு நாளோதான். எட்டு வருடம் இளையவனாகி அந்த வரிசையில் நின்றேன்.

கவுன்டருக்குப் பின்னால் சுவரில் எழுத்துப் பட்டியல் ஒன்று மாட்டியிருந்தது. ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம், ஒரே எழுத்து சின்னச் சின்னக் கால் முளைத்து, கை முளைத்து மாறுகிறது. நம் க, கா, கி, கீ போலவேதான். படிக்கத் தெரியாவிட்டாலும் அதைப் பார்த்ததும் மனசுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கவுன்டரில் இருந்த அம்மா ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சிம்?" பெயர் என்று கம்பெனி ஆள் சொன்னார். சொன்னேன். "அபாத்?" அப்பா பெயர். அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. சொன்னேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் நைனாவின் பெயர் இருந்தது. இந்தியாவில் எத்தனை ஆபீஸில் அந்த இடத்தைக் காட்டி 'இது யார் பெயர், உங்கள் குடும்பப் பெயர் என்ன?' என்று துருவியிருக்கிறார்கள். டெல்லியில் ஒரு மணி நேரம் நிற்கவைத்தார்கள். இங்கே அந்த அம்மா தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். அவ்வளவுதான்.

"அயாத்?" என்றார் அடுத்து.

தாத்தா பெயர். எனக்குத் தொண்டை அடைத்தது. தாத்தாவும் சுண்ணாம்புக் குழிதான். அவருடைய பெயரை எந்த ஆபீஸும் என்னிடம் கேட்டதில்லை. பட்டா இல்லை, பத்திரம் இல்லை, பள்ளிக்கூடப் பதிவு இல்லை. நைனாவின் காகிதங்களில் மட்டும் தகப்பனாராக இருந்திருப்பார். சொன்னேன். அவர் மறுபடி சொல்லச் சொன்னார். நிதானமாகச் சொன்னேன். நான்கு எழுத்தில் எழுதினார். ஆம்பூரில் என் காகிதம் எதிலும் ஏறாத பெயர், கடல் தாண்டி வேறொரு எழுத்தில் ஏறியது. அன்று ராத்திரி போனில் நைனாவிடம் சொன்னேன். "எங்கப்பா பேரையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பெர்மிட் வந்த அன்று கம்பெனியில் காபி வைத்தார்கள். பச்சைக் கொட்டையை அங்கேயே வறுத்து, இடித்து, மண்கூஜாவில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்று சுற்றுக்கும் தனித்தனிப் பெயர்: அபோல், தோனா, பெரெக்கா. மூன்றாவதையும் குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரர்களுக்கு வருத்தம்.

அந்தப் பெர்மிட்டில் ஒரு விஷயம் என்னை யோசிக்கவைத்தது. இந்த வேலைக்கு மட்டும், மூன்று வருடத்துக்கு, அதிலும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் உள்ளூர் ஆள் ஒருவருக்கு வேலை கற்றுக்கொடுத்து அவரை என் இடத்தில் நிறுத்த வேண்டும். உன் நாட்டுக்குத் திரும்பும் நாளை இன்றைக்கே யோசித்துக்கொள் என்று சொல்லி வேலை கொடுக்கிறார்கள். முதலில் சுருக்கென்றது. யோசிக்க யோசிக்க நியாயமாகத் தெரிந்தது. நம் ஊருக்கும் ஒரு காலத்தில் வெளிநாட்டு நிபுணர்கள் வந்து இருந்து கற்றுக்கொடுத்துவிட்டுத்தானே போனார்கள்.

என்னிடம் விட்ட பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பாடம் எல்லாம் படித்தவன். அமில அளவு, வெப்ப அளவு எல்லாம் நோட்டில் கட்டம் போட்டு எழுதுவான். ஆனால் தோலைத் தொடத் தயங்குவான். அந்த நாட்டு மலைச் செம்மறியாட்டுத் தோல் மெல்லியது, கையுறைக்குப் பெயர் போனது. கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும், குறைந்தாலும் விறைத்துவிடும். சுண்ணாம்பை நீக்கியபின் தோலை இளக்கும் கட்டத்தில் எப்போது நிறுத்துவது என்பதுதான் சூட்சுமம். முதல் மாதம் இரண்டு டிரம் எனக்குச் சரியாக வரவில்லை. நைனாவுக்குப் போன் போட்டேன்.

"நைனா, இங்க தோலு ரொம்ப மெலிசு. எப்ப நிறுத்தறதுன்னு புரியல."

"கடிகாரத்தப் பாக்காத. தோலப் பாரு. கட்டைவிரல வெச்சு நல்லா அழுத்திட்டு எடு. குழி அப்படியே நின்னா இறக்கிடு. எழும்பி வந்துட்டா இன்னும் ஆகல."

மறுநாள் அப்படியே செய்தேன். ஈரத் தோலில் என் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி நின்றது. அதில் என் ரேகை வரிவரியாகத் தெரிந்தது. பஜாரில் டைப்பிஸ்ட் பாய் இரண்டு ஃபாரத்தை வீணாக்கிய காலைநேரம் அப்படியே கண் முன்னால் வந்தது. காகிதத்தில் பதியாத அந்த விரல் முப்பது வருடம் தோல் மேல்தானே பதிந்திருக்கிறது. லட்சக்கணக்கான தோலை அந்த விரலால் அழுத்தி, ஆயிற்று, ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறார். இது பாடப் புத்தகத்திலும் இருக்கிற சோதனைதான். படித்தவர்கள் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதைச் செய்த மனிதருக்குத்தான் ஒரு சான்றும் இல்லை.

பையனைக் கூப்பிட்டு அழுத்தச் சொன்னேன். தயங்கித் தயங்கி வைத்தான். ஆறு மாதத்தில் அவன் எனக்கு முன்னால் விரலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். மூன்றாவது வருடம் என்னைப் பார்ப்பதையும் விட்டுவிட்டான். பெர்மிட் முடிந்து கிளம்பும்போது அவனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். என்னென்ன வேலை தெரியும், எத்தனை வருடம் என்னோடு செய்தான், எந்தத் தோலை எந்தக் கட்டத்தில் தனியாக முடிப்பான் என்று ஒவ்வொன்றாக. அவன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு நைனா நாலு வருடம் இருந்தார். அவருக்கும் அப்படி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று மனசில் இருந்தது. மகன் எழுதினால் செல்லாது, கம்பெனி எழுத வேண்டும், கம்பெனி இல்லை என்று காரணம் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டேன். செல்லாவிட்டால் என்ன, எழுதிப் படித்துக் காட்டியிருக்கலாம். அந்த வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது.

இதையெல்லாம் தம்பி மகளிடம் சொல்லி முடித்தபோது மதியம் தாண்டிவிட்டது. அவளுடைய வேலை எவ்வளவோ சுலபம். பாஸ்போர்ட்டுக்கு வேலூரிலேயே சேவை மையம். போனிலேயே நேரம் குறித்துக்கொண்டாள். என் பள்ளிச் சான்றில் வட ஆற்காடு மாவட்டம், அவள் பிறப்புச் சான்றில் வேலூர் மாவட்டம், 2019-இல் மாவட்டம் பிரிந்தபிறகு ஆதாரில் திருப்பத்தூர் மாவட்டம். வீடு மட்டும் அதே தெருவில் அதே இடத்தில் இருக்கிறது. ஏஜென்டுக்கு லைசென்ஸ் உண்டா என்று இப்போது இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏஜென்ட் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இவ்வளவும் நைனா காலத்தில் இருந்திருந்தால் அம்மாவின் கம்மல் காதிலேயே இருந்திருக்கும்.

ஆனாலும் மாறாதது ஒன்று இருக்கிறது. அவளுடைய அம்மா, என் தம்பி மனைவி, பதினெட்டு வருடமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். இரண்டு கம்பெனி மாறியிருக்கிறாள். கையில் ஒரு அனுபவச் சான்று இல்லை. எங்கள் தெருவில் ரேஷன் கடை மிஷினில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிற தோல் கம்பெனிக்காரர்களை இன்றும் பார்க்கிறேன். அவர்களிடமும் இல்லை. டிகிரி படித்தவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். கையால் வேலை செய்கிறவர்களுக்குக் கேட்கலாம் என்றே தெரியவில்லை. கொடுக்கிறவர்களுக்கும் அது ஒரு கடமை என்று தோன்றவில்லை.

வெளிநாட்டு வேலை பெர்மிட்டின் முன்னால் போய் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். எந்த நாட்டுக் கவுன்டரிலும் கையைப் பார்க்க மாட்டார்கள், காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். வெளிநாடு வேண்டாம், பக்கத்து ஊர்க் கம்பெனியில் நல்ல சம்பளம் கேட்கவும் அதே காகிதம்தான் வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவர்களுடைய கைத்திறனையும் சோதித்துச் சான்று கொடுக்க ஆர்.பி.எல். என்று மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. தோல் தொழிலுக்கும் உண்டு. போய் விசாரியுங்கள்.

கம்பெனி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் வேலையை விட்டு நிற்கும்போது பெயர், வேலை, எத்தனை வருடம் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பத்து நிமிட வேலை. கம்பெனியை மூடுவதாக இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். மூடியபின் கையெழுத்துக்காக ஊர் ஊராகத் தேடி அலைந்தவன் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ அண்ணியோ டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்களாக இருந்தால், இன்றைக்கே அவர்களோடு உட்காருங்கள். எந்த வருடம் சேர்ந்தார்கள், என்னென்ன வேலை தெரியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கம்பெனிக்கு எடுத்துப் போய்க் கையெழுத்துக் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். நைனாவின் பாஸ்போர்ட்டை மறுபடி தோல் பையில் வைத்து மேலே ஏற்றிவிட்டேன். தம்பி மனைவிக்காக நாளைக் காலை கம்பெனி ஆபீஸுக்குப் போகிறேன்.